இந்தக் காலை எடுக்கணுமா, சிஸ்டர்?

டிரெஸ்ஸிங் அறையில் என் காதில் அதிகம் விழும் கேள்வி இதுதான். டாக்டர் பக்கத்தில் இருக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனதும், ஒட்டிப்போன பழைய கட்டை நான் சலைன் ஊற்றி நனைத்துப் பிரிக்கும் நேரத்தில் மெல்லக் கேட்பார்கள். சிலருக்குக் கேட்கவே பயம். அவர்களுக்காகக் கூட வந்த மகளோ மனைவியோ என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திக் கேட்பார்.

சர்க்கரை நோயால் வரும் கால் புண்களுக்குக் கட்டுப் போடுவதுதான் பல வருடமாக என் வேலை. எடுப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் அந்த முடிவை எதை வைத்து எடுக்கிறார்கள் என்பது நோயாளிக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் கேட்க வேண்டியதை நேரத்தோடு கேட்கிறார்கள். அதனால் தப்பிய கால்களை நான் பார்த்திருக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் புண் எவ்வளவு பெரிசு என்றுதான் பார்க்கிறார்கள். உள்ளங்கையளவு புண்ணோடு வருபவர் நடுங்கிக்கொண்டு வருவார். சுண்டுவிரல் நுனியில் மிளகு அளவு கறுப்போடு வருபவர், "சும்மா காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பார். எனக்கு இரண்டாமவரைப் பார்த்தால்தான் பக்கென்று இருக்கும். பெரிய புண்ணுக்கு அடியில் சிவப்பாக, ஈரமாக, தொட்டால் லேசாக ரத்தம் கசிகிற சதை இருந்தால் அது ஆறப்போகிற புண். நாளாகும், ஆனால் ஆறும். அந்த மிளகு அளவு கறுப்புக்குப் பின்னால் முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். அப்படியிருந்தால் எத்தனை தரம் கட்டு மாற்றினாலும் அது ஆறாது.

காலை இழக்கவைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு காரணம் அல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் 1984 முதல் 1987 வரை சர்க்கரை நோயாளிகளுக்கு அடுத்தடுத்து நடந்த 80 கால் நீக்கங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தார்கள். 1990-இல் வந்த ஆய்வு அது. முதலில் சின்னதாக ஒரு அடி அல்லது உரசல், அதிலிருந்து புண், அந்தப் புண் ஆறாமல் போவது: இந்த வரிசை 72 சதவீதத்தில் இருந்தது. 80 பேரில் 69 பேருக்கு, தடுத்திருக்கக்கூடிய ஏதோ ஒரு நிகழ்வு ஆரம்பத்தில் இருந்தது. பெரும்பாலும் செருப்பு கடித்தது, இடித்துக்கொண்டது போன்ற சின்னக் காயம்தான். இந்த 69 என்ற எண்ணை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சின்னக் காயத்தை ஏன் கவனிக்காமல் விடுகிறார்கள்? வலிக்காததால்தான். நரம்பு மரத்துப்போன காலில் வலி என்ற எச்சரிக்கையே கிடையாது. அதைச் சோதிக்க எங்களிடம் ஒரு மெல்லிய நைலான் இழை உண்டு, மோனோஃபிலமென்ட் என்று பெயர். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்திருப்பார்கள். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பெருவிரலின் அடியிலும் பாதத்தின் முன்மேட்டிலும் அதை வைத்து வளையும் வரை அழுத்துவோம். "எங்கே தொடுறேன், சொல்லுங்க ஐயா" என்பேன். "இன்னும் தொடலையேம்மா" என்பார். அதற்குள் நான் இரண்டு இடம் தொட்டு முடித்திருப்பேன். பக்கத்தில் நின்று பார்க்கிற மனைவியின் முகம் அந்த நொடியில் மாறிப்போகும். காலில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிகிறது.

உணர்ச்சி போவதோடு இது நிற்பதில்லை. பாதத்தின் சின்னத் தசைகளை இயக்கும் நரம்புகளும் பழுதாவதால் விரல்கள் கொக்கி போல மடங்கும், முன்பாதத்தின் எலும்பு முனைகள் கீழே துருத்தும். வியர்வை நரம்புகள் பழுதானால் தோல் காய்ந்து குதிகால் வெடிக்கும். துருத்திய இடத்தில் பாரம் விழ விழ அங்கே தோல் தடித்துக் காய்த்துப்போகும். காய்ப்புதானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காய்ப்பு, செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கூழாங்கல்லைப் போல, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கிற சதையைக் குத்திக்கொண்டே இருக்கும். காய்ப்பின் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். சீவிப் பார்க்கும்போது, வெளியே எதுவுமே தெரியாத இடத்தில் அடியில் ஒரு குழியே இருக்கும். சில நேரம் கத்தி முனை பட்டதும் சீழ் பீறிட்டு வரும். அவரோ என்னிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பார். ஒன்றும் தெரியாது.

தொழுநோயாளிகளின் கைகால்கள் ஏன் அழிகின்றன என்று வேலூரில் ஆராய்ந்த டாக்டர் பால் பிராண்ட்தான் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். நோய் நேரடியாக விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே சதையை அழிக்கிறது என்று காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில், சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் நடப்பது இதுவே என்று சொல்லி, பாதத்தின் பாரத்தைப் பங்கிட்டுத் தாங்கும் மாவுக்கட்டைப் பரப்பினார். இன்றைக்கும் உள்ளங்கால் புண்ணுக்கு நல்ல மருத்துவங்களில் அது ஒன்று.

கால் மரத்துப்போனால் புண் வரும். ஆனால் புண் வந்த எல்லோரும் காலை இழப்பதில்லை. அதைப் பெரும்பாலும் ரத்த ஓட்டமும் கிருமித் தொற்றும்தான் தீர்மானிக்கின்றன. எனக்கு அதிகம் ஆதங்கம் வருவது ரத்த ஓட்டத்தைப் பற்றித்தான்.

"கால் சூடாத்தானே இருக்கு, ரோஸ் கலர்லதானே இருக்கு, ரத்தம் ஓடாமலா இருக்கும்?" என்று கேட்பார்கள். நரம்பு பழுதான காலில் மேல்தோலில் ரத்தம் தேங்கியும் குறுக்கு வழியில் பாய்ந்தும் போவதால், சூடாகவும் சிவப்பாகவும் தெரியலாம். அதை நம்ப முடியாது. நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும் என்று புத்தகத்தில் இருக்கும். நரம்பு மரத்தவருக்கு, அதிலும் அதிகம் நடக்காதவருக்கு, அந்த வலியும் தெரியாமல் போகலாம். சரி, கருவி வைத்து அளந்தால்? கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் ஏபிஐ என்ற சோதனை இருக்கிறது. நல்ல சோதனைதான். ஆனால் நாள்பட்ட சர்க்கரை நோயில் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் நசுங்காது. அதனால் அழுத்தம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அடைப்பு உள்ளவருக்கே அறிக்கையில் "நார்மல்" என்று வந்துவிடலாம். 1.3-க்கு மேல் வந்தால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும்.

விரல்களின் குழாய்களில் இந்தப் படிவு பொதுவாகக் குறைவு. அதனால் பெருவிரலில் சின்னப் பட்டை சுற்றி அளக்கும் அழுத்தத்தையே நான் அதிகம் நம்புகிறேன். அது 30 mmHg-க்குக் கீழே இருந்தால், அல்லது கணுக்காலின் அழுத்தம் 50-க்குக் கீழே இருந்தால், ரத்தக்குழாய் நிபுணரை அவசரமாகப் பார்க்க வேண்டும் என்று உலகளாவிய வழிகாட்டுதல் சொல்கிறது. சரியாகக் கட்டுப் போட்டு, பாரத்தைக் குறைத்து, நாலு முதல் ஆறு வாரம் ஆகியும் புண் ஆறும் வழியைக் காணோம் என்றால், முந்தைய சோதனை என்ன சொன்னாலும் குழாயைப் படமெடுத்துப் பார்ப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். அடைப்பு தெரிந்தால் பலூன் வைத்துத் திறக்கலாம், பைபாஸ் செய்யலாம். எல்லோருக்கும் முடியாது. முடிகிறவர்களுக்குச் செய்த பிறகு, வெளிறிக் கிடந்த புண்ணின் அடி அடுத்தடுத்த கட்டு மாற்றும்போது சிவந்து வருவதைப் பார்க்கும் சந்தோஷம் இந்த வேலையில் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது தொற்று. ரத்த ஓட்டம் குறைவது மெல்ல நடக்கும். தொற்று ஒரே இரவில் ஆளை மாற்றிவிடும். விரல் இடுக்கில் தொடங்கும் சீழ், தசைநார் உறைகளின் வழியாகப் பாதத்தின் நடுப்பகுதிக்கு ஏறிவிடும். வெளியே பார்த்தால் விரல் மட்டும் வீங்கியிருக்கும், உள்ளங்காலை அழுத்தினால் இடுக்கு வழியாகச் சீழ் வரும். இவ்வளவு இருந்தும் பலருக்குக் காய்ச்சலே இருக்காது. ரத்தத்தில் வெள்ளையணுக்களும் ஏறியிருக்காது. "ரெண்டு நாளா சுகர் மட்டும் ஏறிக்கிட்டே போகுது, ஏன்னு தெரியல" என்று யாராவது சொன்னால் நான் உடனே செருப்பைக் கழற்றச் சொல்வேன்.

எலும்பைத் தொற்று தொட்டுவிட்டதா என்று பார்க்க, மழுங்கிய முனையுள்ள ஒரு மெல்லிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விடுவார் டாக்டர். சதை என்றால் முனை மெத்தென்று நிற்கும். எலும்பு என்றால் கடினமாக, கரகரவென்று தட்டும். பக்கத்தில் நிற்கும் என்னாலும் அதை அவர் கை நிற்கும் விதத்தை வைத்தே சொல்ல முடியும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 360 நோயாளிகளை வைத்துச் செய்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், கம்பி எலும்பைத் தட்டியவர்களுக்குப் பாதத்தின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ எடுக்க வேண்டிய ஆபத்து 11 மடங்கு அதிகம் இருந்தது. தொற்றும் ரத்தக்குறைவும், அதாவது காலுக்கு ரத்த ஓட்டம் குறைவதும், சேர்ந்திருந்தவர்களுக்கோ ஏறக்குறைய 90 மடங்கு. தனித்தனியாக இருக்கும்போது சமாளிக்கக்கூடிய இரண்டு ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஓட்டம் இல்லாத காலுக்கு ஊசியில் போடும் ஆன்டிபயாடிக்கும் போய்ச் சேருவதில்லை.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் 2014-இல் இருந்து வைஃபை என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. இணைய வைஃபை அல்ல. புண், ரத்தக்குறைவு, தொற்று என்று மூன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் கொடுத்து, ஒரு வருடத்துக்குள் காலை எடுக்க வேண்டி வரும் ஆபத்தை நாலு படியாகப் பிரிக்கிறார்கள். உங்கள் கோப்பில் அந்த எண்கள் இருந்தால், ஒவ்வொன்றும் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தக்குறைவின் கட்டம் காலியாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

காலுக்கு வெளியே இருந்து காலைக் கெடுப்பவற்றில் முதலிடம் சிறுநீரகத்துக்கு. டயாலிசிஸில் இருப்பவர் புண்ணோடு வந்தால் எங்கள் அறையில் எல்லோருமே கூடுதல் கவனமாகிவிடுவோம். அவர்களுக்கு ரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவு அதிகம், ரத்தசோகையும் புரதக்குறைவும் சேர்ந்துகொள்ளும், கால் வீங்கி வற்றும், தோல் மெலிந்திருக்கும். மணிக்கணக்காகப் படுத்திருக்கும்போது குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருக்கும். டயாலிசிஸ் நேரத்தில் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கலாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். குதிகால் புண் ஆறுவது கஷ்டம், அங்கே எடுத்துவிட்டு மிச்சம் வைக்கவும் அதிகம் இல்லை.

புகையிலையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. குழாய் ஏற்கெனவே சுருங்கியிருக்கும்போது அதை மேலும் சுருக்குகிறது, அவ்வளவுதான். சர்க்கரை அளவைப் பொறுத்தவரை, பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வின் தரவுகளிலிருந்து 2000-இல் வெளியான கணக்கில், மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி ஒவ்வொரு 1 சதவீதம் குறைவாக இருந்ததற்கும், கால் நீக்கமோ கால் ரத்தக்குழாய் நோயால் மரணமோ நேர்வது 43 சதவீதம் குறைவாக இருந்தது. கண் பார்வை மங்கியவர், குனிந்து பாதத்தைப் பார்க்க முடியாத உடல்வாகுள்ளவர், தனியாக இருப்பவர், மனம் சோர்ந்துபோனவர் எல்லோருமே ஆபத்தில் இருப்பவர்கள்தான். காலைத் தினமும் யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும். அவர்களுக்கு அந்த ஒருவர் இல்லை.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. கனாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரை காலை எடுக்கவைக்கும் என்று ஒரு செய்தி போனுக்குப் போன் சுற்றுகிறது. 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் அந்த மருந்து எடுத்தவர்களிடம் கால் நீக்கம் கூடுதலாக இருந்தது உண்மை. அமெரிக்க மருந்து நிர்வாகம் அப்போது கடுமையான கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது, பிறகு 2020-இல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டது. காலில் புண் இருந்தால் அந்த மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டுச் சர்க்கரையை ஏற விடாதீர்கள்.

இனி நோயாளியின் கையில் இருப்பது. உள்ளங்கால் புண்ணுக்கு மருந்தைவிட முக்கியம் அதன்மேல் பாரம் விழாமல் பார்ப்பது. அதற்கென்று கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுப்போம். 2003-இல் வந்த ஒரு ஆய்வில், நோயாளிகளின் இடுப்பில் ஒன்றும் பூட்ஸுக்குள் ஒன்றுமாக அடி எண்ணும் கருவி வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளில் நடந்த நடையில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு நடந்தது. வெளியே போகும்போது போட்டுக்கொள்கிறார்கள், வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுகிறார்கள். "வீட்டுக்குள்ளதானே சிஸ்டர், பாத்ரூம் வரைக்கும்தானே" என்பார்கள். நாள் முழுக்க நடக்கிற அடிகளில் பெரும்பங்கு அந்த வீட்டுக்குள்தான். கழற்ற முடியாத கட்டுப் போட்டால் புண் வேகமாக ஆறுவதற்கு இது பெரிய காரணம். உங்களுக்கு அது தகுமா என்று கேளுங்கள். தொற்றோ ரத்தக்குறைவோ கடுமையாக இருந்தால் அதைப் போட மாட்டார்கள்.

அப்புறம் பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, சாக்ஸுக்குள் மறைத்து, வீட்டில் யாருக்கும் காட்டாமல் நாட்களைக் கடத்துகிறவர்கள் நிறைய. நாற்றம் வந்த பிறகு மகன் கண்டுபிடித்துக் கூட்டி வருவார். அந்தப் பயத்தைப் பார்த்து நான் கோபப்பட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது, அவர் போனார், விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு காலை என்று அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் தாமதமாகத்தான் போயிருப்பார். நாட்களைக் கடத்தும்போது முதலில் கைவிட்டுப் போவது, விரலோடு முடித்துக்கொள்ளும் வாய்ப்பு.

டாக்டர் எடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால்? இரண்டு நிலைமை இருக்கிறது. ஈரமாக அழுகி, காய்ச்சலும் நடுக்கமும் வந்து, நாடி வேகமாக அடித்து, ஆள் குழம்பிப் பேசினால் அது உயிரைக் காப்பாற்றும் அறுவை. அங்கே பேரம் பேச நேரமில்லை, கையெழுத்துப் போடுங்கள். மற்றபடி, நாள் குறித்துச் செய்கிற அறுவை என்றால் கேட்க நேரம் இருக்கிறது. விரலில் ரத்த அழுத்தம் அளந்தீர்களா, எவ்வளவு வந்தது? குழாயைப் படமெடுத்தீர்களா? திறக்க வழி உண்டா என்று ரத்தக்குழாய் நிபுணர் பார்த்துவிட்டாரா? எடுத்தால் எந்த இடத்தில், அங்கே ஆறுமா? இப்படிக் கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. நல்ல டாக்டர் இதற்காகக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை புண் வந்து ஆறியவர், ஒரு விரல் போனவர், இவர்களுக்குத்தான் அடுத்த ஆபத்து எல்லோரையும்விட அதிகம். ஆறிய புண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள்ளும் 65 சதவீதம் ஐந்து வருடத்துக்குள்ளும் திரும்ப வருகின்றன என்று 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். பெருவிரலை எடுத்தவருக்குப் பாரம் மற்ற விரல்களின் மேட்டுக்கு மாறும். மிச்சமுள்ள காலும் கூடுதல் சுமை சுமக்கும். ஆகவே ஆறியதும் எங்களை மறந்துவிடாதீர்கள், ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதத்தைக் காட்டுங்கள். முடிந்தால் தோலின் சூட்டை அளக்கும் வெப்பமானி வாங்கி, இரண்டு பாதத்திலும் அதே இடங்களைத் தினமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதிகம் காட்டி, மறுநாளும் அப்படியே இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு வந்து காட்டுங்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சுட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே வாருங்கள். உள்ளே எலும்பு நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம்.

இப்போது கட்டுப் போட்டிருப்பவர்கள் இரவில் இவற்றைக் கவனியுங்கள். கட்டைத் தாண்டிச் சிவப்பு பரவுகிறதா, விரல் நிறம் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுகிறதா, புதிதாக நாற்றம் வருகிறதா, மரத்துப்போன கால் திடீரென்று வலிக்கிறதா, குளிர் நடுக்கம் உண்டா, காரணமில்லாமல் சர்க்கரை ஏறுகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் கட்டு மாற்றும் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், விடியட்டும் என்றும் பார்க்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போய், சர்க்கரை நோயாளி, காலில் புண் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.